"ரெண்டே வருஷம்" என்று போனவர்கள் ஏன் திரும்புவதில்லை?

கேள்வி:
வேலைக்காக வேறு ஊருக்குப் போகிறவர்களில் பலர் இருபது வருஷம் ஆகியும் அங்கேயே இருக்கிறார்கள். சம்பளம் மட்டும்தான் காரணமா?

பதில் 1:
சம்பளம் இழுத்து வரும், பிடித்து வைப்பது வேறு. 1968-இல் ராபர்ட் மெக்கின்னிஸ் என்ற சமூகவியலாளர் இதை ஒரு விதியாகவே சொன்னார்: ஓரிடத்தில் இருக்கும் காலம் கூடக் கூட, கிளம்பும் வாய்ப்பு குறையும். பழகிய மருத்துவர், அவசரத்துக்குச் சாவி கொடுத்துவைக்கும் பக்கத்து வீடு, வேலை காலியானால் தகவல் சொல்லும் ஆள். மூட்டை கட்டி எடுத்துப்போக முடியாத சொத்து இதெல்லாம்.

பதில் 2:
பிள்ளைகளை மறந்துவிட்டீர்களே! பள்ளியில் சேர்த்ததும் கணக்கே மாறிவிடும். பாடமொழி, பாடத்திட்டம், தேர்வு எல்லாம் வேறு. திரும்பும் எண்ணம் உண்மை என்றால் முதல் வகுப்புக்கு முன்பே கிளம்புவது நல்லது.

பதில் 3:
நட்பும் ஒரு காரணம்: புது ஊரில் நட்பு சேர நேரம் பிடிக்கும், சேர்ந்தபின் விட்டுக் கிளம்ப மனம் வராது. ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் 2018 ஆய்வுப்படி, சாதாரண நட்புக்கே சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200-க்கு மேல். வாரம் 2 மணி நேரம் ஒரே விளையாட்டுக் குழுவுக்குப் போனாலும் முதல் கட்டத்துக்கே ஆறு மாதம். வாராவாரம் புதுக் கூட்டம் தேடினால் மணிக்கணக்கு யாரிடமும் சேராது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.