கணினியில மட்டும் கீறின காரும் அந்தப் பெற்றோல் தாங்கியும்

உப்புவெளியான்:
நேற்று இங்க ஒருவர் எழுதியிருக்கிறார்: "மென்பொருள் வந்தாப் பிறகு ரேஸ் காருக்குக் காற்றுச்சுரங்கம் தேவையில்லை." வாசிக்கவே பத்திக்கொண்டு வருது. காற்றுச்சுரங்கம் எண்டால் மொடலை வைச்சுக் காற்றை ஊதி அளக்கிற கூடம். 2010இல ஃபோர்முலா வன் பந்தயத்தில வேர்ஜின் அணியின்ட விஆர்-01 கார் அப்பிடித்தான் வந்தது. வடிவமைப்பாளர் நிக் வேர்த்தின்ட ஆக்கள் காற்றுச்சுரங்கமே இல்லாமல் முழுக்கக் கணினியில செய்த கார். அந்த வருசம் ஒரு புள்ளியும் இல்லை, கடைசி இடம். பெற்றோல் தாங்கியும் சின்னன். சில போட்டிகளை முழு வேகத்தில ஓடி முடிக்கக் காணாது. இதுக்கு மேல என்ன வேணும்?

நிலாவெளிக்காற்று:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேளும். தாங்கிக்கும் கணினியில செய்யிற காற்றோட்டக் கணிப்புக்கும் என்ன சம்பந்தம்? 2010இலதான் போட்டிக்கு நடுவில எண்ணெய் அடிக்கிறதைத் தடை செய்தவை. முழுத் தூரத்துக்கும் ஒரே நிரப்பு. தாங்கியின்ட கொள்ளளவு சட்டகம் கீறேக்க முடிவாகிற விசயம். காற்றுச்சுரங்கத்தில வைச்சிருந்தாலும் அந்தத் தாங்கி ஒரு லீற்றர் பெருத்திராது.

உப்புவெளியான்:
கணினியை நம்பிக் கீறின சட்டகம்தானே? தாங்கி பிழை, கார் பிழை. 2011 நடுவில வேர்த்தை விட்டிட்டு மக்லாரன் அணியோட ஒப்பந்தம் போட்டவை. ஏன்?

நிலாவெளிக்காற்று:
திரும்பவும் தாங்கி. வேலை நடக்கிற விதத்தைப் பாரும். முன் இறக்கையின்ட மடலை, அதாவது பின் தகட்டை, ரெண்டு பாகை நிமித்த வேணுமெண்டால், அளவுகளால கட்டின மொடலில ஒரு எண்ணை மாத்தினால் காணும். பக்கத்துத் துண்டுகளும் சேர்ந்து மாறும். காற்று ஓடுற இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாப் பிரிக்கிற வலை போட்டு ஒரே இரவில பல வடிவங்களை ஓட விடலாம். அதே துண்டைச் சுரங்கத்துக்குச் செய்ய, பிசினை லேசரால இறுக்கி எடுத்து, கழுவி, தேய்ச்சு, காற்றழுத்தம் அளக்கிற ஓட்டைகளுக்குக் குழாய் பூட்டி, மொடலைக் கழட்டி மாட்ட வேணும். அதுவும் விதிப்படி 60 வீத அளவுக்கு மேற்படாத மொடல், காற்று செக்கனுக்கு 50 மீற்றருக்கு மேல போகக்கூடாது. மணிக்கு 300 கிலோமீற்றரில ஓடுற முழுக் காரோட பார்த்தால் ரெனோல்ட்ஸ் எண், அதாவது அளவையும் வேகத்தையும் சேர்த்துக் காற்று ஓடுற விதத்தைக் காட்டுற எண், 36 வீதமளவில நிக்கும். அதையா உண்மை எண்டுறீர்?

உப்புவெளியான்:
உம்மட வலை ரயரில தோற்குது. பாரம் ஏற ரயர் நசுங்கும், தரையில படுற இடத்தில காற்றுப் பீச்சி அடிக்கும், பின்னால சுழல் பிரியும். சராசரி எடுக்கிற கணிப்பு அந்தச் சுழலை மழுக்கிப்போடும். காரின்ட மேற்பரப்பை ஒட்டின வலையின்ட முதல் அடுக்குத் தடிச்சால் காற்றுப் பிரியிற இடமே மாறிவரும். 2022இல பார்சிலோனாச் சோதனையில கார்கள் துள்ளினது எந்தத் திரையில தெரிஞ்சது? தரை உயரத்தை அசையாமல் வைச்சுக் கணிச்சால் துள்ளல் எங்க வரும்?

நிலாவெளிக்காற்று:
சுரங்கத்தில தெரிஞ்சதோ? அங்கயும் இல்லை. 2012இல ஃபெராரி தன்ர சுரங்கத்தின்ட கணக்கு ஓடுபாதையோட ஒத்துவராமல் அதை மூடி வைச்சிட்டு, கொலோனில இருக்கிற டொயோட்டாவின்ட சுரங்கத்துக்குப் போனது. அதுக்கு ஏன் வாய் திறக்கிறீர் இல்லை? பிழை பிடிக்கிற இடம் ஓடுபாதை. காற்று போன தடத்தைக் காட்டுற ஃப்ளோ-விஸ் மையைப் பூசி ஓடவிட்டு, ரயருக்குப் பின்னால அழுத்தக் குழாய்ச் சட்டம் பூட்டி அளக்கிறவை.

கொட்டியாரம்:
ரெண்டு பேரும் தாங்கி, தாங்கி எண்டுறியள். திருகோணமலைச் சீனக்குடாவில 99 எண்ணெய்த் தாங்கி கிடக்கு, போய் எண்ணிப்பாருங்கோ. உப்புவெளியார் எப்பவும் இப்பிடித்தான். போன மாசம் பைபர் படகு அச்சில ஜெல்கோட் எண்ட வெளிப்பூச்சு சுருங்கினதுக்கு, அது மெல்லிசா அடிச்சு, இறுக முதல் பிசின் ஊத்தினதுதான் காரணம் எண்டு நான் சொல்ல, அச்சில பூசுற மெழுகைக் குற்றம் சொன்னவர்.

உப்புவெளியான்:
மெழுகும் பிழைதான். அதை இங்க இழுக்காதையும்.

கொட்டியாரம்:
மெழுகு பிழையெண்டால் அச்சில ஒட்டும், சுருங்காது. அண்டைக்கும் ஒத்துக்கொள்ளேல்லை.

நிலாவெளிக்காற்று:
கொட்டியாரத்தார் சொல்லுறதில நியாயம் இருக்கு. காரணத்தையும் விளைவையும் ஒட்டவைக்கிறதுதான் இவற்ற பழக்கம். தாங்கி சின்னன், ஆகவே கணினி கூடாதாம்.

உப்புவெளியான்:
சுரங்கம் தேவையில்லையெண்டால் சர்வதேசக் கார்ப் பந்தய அமைப்பான எஃப்ஐஏயின்ட விதியில கணினி ஓட்டத்துக்கும் சுரங்க ஓட்டத்துக்கும் ரெண்டுக்கும் ஏன் வரம்பு? முதலாவதா வந்த அணிக்குக் குறைவு, கடைசியா வந்த அணிக்குக் கூட. தேவையில்லாததுக்கு ஆர் சண்டை பிடிக்கிறான்?

நிலாவெளிக்காற்று:
வரம்பு காசைக் கட்டுப்படுத்தவும் பின்தங்கின அணியைத் தூக்கிவிடவும் போட்டது. தேவையெண்டதுக்குச் சான்று இல்லை. தாங்கிக்கு மறுமொழி இன்னும் வரேல்லை.

உப்புவெளியான்:
வந்தது. அந்தத் தாங்கியோட அந்தக் காரால சில போட்டிகளை முழு வேகத்தில ஓடி முடிக்க ஏலாது.

நிலாவெளிக்காற்று:
தாங்கியில காற்று ஓடுறேல்லை, உப்புவெளியார். எண்ணெய்தான் ஓடுது.