மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பின் முட்டி நீளவில்லை

கேள்வி: ஆபரேஷன் முடிந்து 2 வாரம். அம்மாவுக்கு முட்டி ஓரளவு மடங்குகிறது, முழுசாக நீளத்தான் மாட்டேன் என்கிறது. ஏன்?

பதில் 1: முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறாரா? சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மடங்கியபடியே இறுகிவிடும். எடுத்துவிடுங்கள். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் நிற்கட்டும். 5 நிமிடம், நாளுக்கு 3 வேளை.

பதில் 2: கூடவே, துண்டை எடுத்துவிட்டு, முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி 5 விநாடி பிடிக்கணும், 10 தடவை. முட்டிச் சில்லு தொடைப் பக்கம் ஏறுகிறதா பாருங்கள். ஏறாமல் இடுப்பு மட்டும் தூக்கினால் தொடைத்தசை வேலை செய்யவில்லை. மூச்சை அடக்கக் கூடாது.

பதில் 3: கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் நீவிவிடாதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.