மறு: ‘வழுநீக்கி’ பொருந்தவில்லை, வேறு சொல் வேண்டும்

ஐயா, வணக்கம்.

ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை மேலமாசி வீதி அச்சகத்துக்குப் போகிறது. கணினிக்கும் சிப்புக்கும் நடுவில் செருகுகிறோமே, எஸ்டி-லிங்க், ஜே-லிங்க் மாதிரியான அந்தச் சின்ன டப்பா, ஆங்கிலத்தில் டீபக்கர், அதற்குத்தான் இன்னும் தமிழ்ப் பெயர் இல்லை. நீங்கள் சொன்ன ‘வழுநீக்கி’யை வகுப்பில் எழுதிப் பார்த்தேன். “இதைச் செருகினால் புரோகிராமில் இருக்கிற தப்பு போயிடுமா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

நியாயமான கேள்வி. அது எதையும் நீக்குவதில்லை. டப்பாவைச் சிப்போடு இணைக்கும் முறை 1990இல் தரமாக்கப்பட்ட ஜேடேக் என்றால், தரைக்கம்பி நீங்கலாகக் குறைந்தது 4 கம்பி. எஸ்டபிள்யூடி என்ற இன்னொரு முறை என்றால் கடிகாரத் துடிப்புக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று, அப்புறம் தரைக்கம்பி. அந்த வழியாக ஓடுகிற சிப்பை நிறுத்தி, ரெஜிஸ்டரிலும் (சிப் கணக்குப் போடும்போது கைவசம் வைத்துக்கொள்ளும் சிற்றிடம்) நினைவகத்திலும் என்ன இருக்கிறது என்று காட்டும். கார்டெக்ஸ்-எம்3 சிப்பில் வழக்கமாக 6 இடங்களில் வன்பொருள் நிறுத்தம் வைக்கலாம், புரோகிராம் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். தப்பைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் நாம்தான். அதனால் ‘வழுநாடி’ என்று வைக்கலாமா?

*

தம்பி,

எந்த நாடி? கைபிடித்துப் பார்க்கும் நாடி என்றால் அது வடசொல், எனக்கு வேண்டாம். நாடு என்ற வினையடியில் பிறந்தது என்றால் ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்று 948ஆம் குறளே இருக்கிறது. ஆனால் படிக்கிற பிள்ளை முதலில் நினைப்பது கைநாடியைத்தானே? அரிவாள் தானாகவா அரிகிறது? எந்த வேலைக்கு உதவுகிறதோ அதுவே கருவிக்குப் பெயர். ‘நீக்கி’யே இருக்கட்டும்.

வழு என்றதும் நன்னூல் நினைவு வருகிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழு. கூடவே வழுவமைதியும் உண்டு. வழுதான், ஆனாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்வது. உங்கள் சிப்பில் அப்படி ஏதும் உண்டா?

*

சார், நான் தொழிற்சாலையில் தினமும் இதைக் கையில் பிடிக்கிறவள். நேர்முகத் தேர்வில் பிள்ளைகள் வழுநாடி என்றால் எதிரே இருப்பவர் விழிப்பார். டீபக்கர் என்றே போடுங்கள்.

*

ஐயா, உண்டு! தயாரித்த சிப்பிலேயே இருக்கும் பிழைகளையும், அவற்றோடு எப்படிச் சமாளிப்பது என்பதையும் தயாரிப்பாளர்கள் ‘எர்ராட்டா’ என்று தனித் தாளாக வெளியிடுகிறார்கள். அதற்கு ‘வழுவமைதித் தாள்’ என்று இன்றே எழுதிவிட்டேன். எத்தனையோ நாள் தேடிய சொல்.

அரிவாளை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அரிவாளின் வாய் பயிரைத் தொடுகிறது. இந்த டப்பா வழுவைத் தொடுவதே இல்லை. மாட்டை அசையாமல் நிறுத்துவது மூக்கணாங்கயிறு; வைத்தியம் பார்க்கிறவர் வேறு ஆள். கைநாடி நினைவுக்கு வந்தாலும் கெடுதல் இல்லை, உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்ப்பதுதானே அதுவும்.

அக்கா சொன்னது போல் அத்தியாயத் தலைப்பில் ‘டீபக்கர்’ இருக்கும். உள்ளே ‘வழுநாடி’. ஐயாவுக்கு இதில் சம்மதமில்லை என்று தெரியும். வியாழன் இரவு வரை பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.