இசைத்தட்டிலிருந்து ஸ்ட்ரீமருக்கு மாற்றும்போது ஒலி தாவுகிறது: எப்படிச் சமன் செய்வது?

கேள்வி:

வணக்கம். எங்கள் வீட்டு ஸ்டீரியோவில் டர்ன்டேபிளும் (இசைத்தட்டுச் சுழலி) ஸ்ட்ரீமரும் (இணையவழிப் பாடல்களை ஒலிக்கும் கருவி) ஒரே ஆம்ப்ளிஃபையருடன் இணைக்கப்பட்டுள்ளன. இசைத்தட்டு கேட்க வால்யூம் குமிழைப் பதினொரு மணி நிலைவரை திருப்ப வேண்டியிருக்கிறது. குமிழைக் குறைக்காமல் ஸ்ட்ரீமருக்கு மாற்றினால் அறையே அதிர்கிறது. சென்ற வாரம் இரவில் அப்படி மறந்து மாற்றியதில், உறங்கிக்கொண்டிருந்த என் தாயார் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். ஸ்ட்ரீமரை எட்டு மணி நிலைக்கு மேல் வைக்க முடிவதில்லை. அந்த நிலையில் இடப்பக்க ஸ்பீக்கர் சற்று அடங்கி ஒலிக்கிறது. கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்குறிப்பாக மாற்றும் பகுதி) மூவிங் மேக்னட் வகை, வெளியீடு 4 மில்லிவோல்ட். அந்த மெல்லிய மின்குறிப்பைப் பெருக்கித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் தனிப் பெட்டி, 40 டெசிபல் பெருக்கம் உடையது. இதைவிடப் பெருக்கம் கூடிய ப்ரீஆம்ப் வாங்க வேண்டுமா?

மறுமொழி 1:

வாங்க வேண்டாம், உங்கள் கருவிகளில் பழுது எதுவும் இல்லை. 40 டெசிபல் என்பது 100 மடங்கு. ஆகவே 4 மில்லிவோல்ட் 0.4 வோல்ட்டாக ஆம்ப்ளிஃபையரை அடைகிறது. ஸ்ட்ரீமர், சிடி பிளேயர் போன்றவற்றின் முழு வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். இது ஐந்து மடங்கு, அதாவது 14 டெசிபல் வேறுபாடு. தாழ்ந்திருப்பதை உயர்த்துவதைவிட, மிகுந்திருப்பதைக் குறைப்பதே சரியான வழி. ஸ்ட்ரீமரின் செயலியில் வெளியீட்டை ‘மாறக்கூடியது’ என்று அமைத்து, 10 டெசிபல் குறைத்துப் பாருங்கள். 24 பிட்டில் (ஒலியை எண்களாகக் குறிக்கும் நுணுக்க அளவு) இயங்கும் கருவியில் ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஒரு பிட்தான் செலவாகும் என்பதால், இந்த அளவு குறைப்பினால் காதுக்கு எட்டும் இழப்பு நேராது. அத்தகைய வசதி இல்லையென்றால், ஸ்ட்ரீமரை ஆம்ப்ளிஃபையருடன் இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் முனையில் செருகும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் (மின்குறிப்பைக் குறைக்கும் சிறு செருகி) ஒரு ஜோடி போதும்.

மறுமொழி 2:

முந்தைய நண்பர் சொன்ன வழி சரியானது. கணக்கில் மட்டும் ஒரு திருத்தம். கார்ட்ரிட்ஜின் 4 மில்லிவோல்ட் என்பது உச்ச அளவு அன்று, வினாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஊசி அசையும்போது கிடைக்கும் குறியீட்டு அளவு. பல தட்டுகளில் உரத்த இடங்களில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வரும். ஆனால் ஸ்ட்ரீமரின் 2 வோல்ட்டோ அதன் உச்ச வரம்பு. எனவே உச்சங்களை மட்டும் ஒப்பிட்டால் இடைவெளி மிகவும் சிறியது. காதுக்குப் பெரிதாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், 1990களுக்குப் பின் வந்த பல டிஜிட்டல் பதிவுகள் சராசரி ஒலி மிக உயர்ந்து இருக்கும்படி இறுக்கப்பட்டிருப்பதே. பெருக்கத்தைக் கூட்டினால் உரத்த இடங்களில் ஃபோனோ ப்ரீஆம்ப் திணறிக் கரகரக்கும் என்று நான் அஞ்சுவதும் இதனால்தான்.

இடப்பக்கம் அடங்குவதற்கும் விளக்கம் உண்டு. வால்யூம் குமிழுக்குள் இருக்கும் இரண்டு மின்தடைப் பாதைகள், தொடக்க நிலையில் ஒன்றோடொன்று சரியாக ஒத்துப்போவதில்லை. ஸ்ட்ரீமரைக் குறைத்துக் குமிழை மேலே கொண்டுவந்தால் அந்தக் குறையும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

மறுமொழி 3:

அளவைச் சரிபார்க்க, தட்டிலும் ஸ்ட்ரீமிங்கிலும் உள்ள ஒரே பாடலை எடுத்துக்கொண்டு, நீங்கள் அமரும் இடத்தில் கைபேசியின் ஒலி அளவி செயலியை வைத்து இரண்டு முறை அளந்தால் போதும். கைபேசியை இடம் மாற்றாதீர்கள். ஸ்ட்ரீமிங் செயலியில் பாடல்களின் ஒலியளவைச் சமன்செய்யும் வசதியையும் இயக்கிவிடுங்கள், பாடலுக்குப் பாடல் தாவுவது குறையும். எது இனிமையானது என்று தீர்மானிப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதையே மேலானது என்று நம் காது கொள்ளும்.

கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்ட்ரீமரை 10 டெசிபல் குறைத்தேன். இப்போது இரண்டையும் பதினொரு மணி நிலையிலேயே கேட்க முடிகிறது, இடப்பக்க ஸ்பீக்கரும் நிறைவாக ஒலிக்கிறது. ஒரு பக்கத்துக்கு 28 நிமிடம் ஓடும் ஓர் எல்பி மட்டும் இன்னும் தணிந்தே ஒலிக்கிறது.

மறுமொழி 2 எழுதியவர்:

அது இயல்பே. அவ்வளவு நேரத்தை ஒரே பக்கத்தில் அடக்கப் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். அதற்காகவே ஒலியைத் தாழ்த்திப் பதிந்திருப்பார்கள். அந்தத் தட்டுக்கு மட்டும் குமிழைச் சற்றே திருப்பிக்கொள்ளுங்கள்.