ஒரத்தநாட்டு 'அரண்மனை'

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற வழியில் ஒரத்தநாடு. அங்குள்ள அந்தப் பெரிய பழைய கட்டடத்தை அரண்மனை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அக்கா பையனைக் கூட்டிப் போனேன். வாசலிலேயே கேட்டான்: "மாமா, ராஜா எந்த ரூம்ல தூங்குவாரு?"

நியாயமான கேள்விதான். அடித்தளத்தில் யானையும் குதிரையும் தேர் இழுக்கும் சிற்பம், உள்ளே முற்றம், சுற்றிலும் மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம். எனக்கு அந்தத் தாழ்வாரத்தின் மேல்தான் சந்தேகம். ஒரு குடும்பம் வாழ இவ்வளவு எதற்கு? பந்தி போட்டால் ஒரு கல்யாணக் கூட்டமே உட்காரலாம்.

அப்புறம் தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. அது முத்தம்பாள் சத்திரம். ராமேசுவரம் யாத்திரை போகிறவர்கள் தங்கிச் சாப்பிட, தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தன் பிரியத்துக்குரிய முத்தம்பாள் பெயரில் கட்டியது. சாகும்முன் அந்த அம்மாளே கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

என்னை உட்கார வைத்தது சரபோஜியின் ஒரு கடிதம். 1799 ஒப்பந்தத்தோடு நாடு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. நாடு போன மனிதர் 1801இல் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்டுக்கு எழுதுகிறார்: சத்திரங்களை மட்டும் என்னிடமே விட்டுவிடுங்கள். அங்கே என்ன நடக்கிறது என்றும் விவரமாகச் சொல்கிறார். எந்தச் சாதி வழிப்போக்கர் வந்தாலும் சாப்பாடு உண்டு. நடுராத்திரியில் மணி அடித்து, மீதமுள்ள சோற்றை வாங்கிக்கொள்ளக் கூப்பிடுவார்களாம். நோயாளிக்கு வைத்தியர், கர்ப்பிணிக்குத் தனிக் கவனிப்பு. அநாதைப் பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விட்டு மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய். இந்த எண்ணெயைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறார் பாருங்கள், எனக்கு அது போதும். கம்பெனியும் சத்திரங்களை அவரிடமே விட்டது.

பிற்காலத்தில் அங்கே மாணவர் விடுதி நடந்தது. அரண்மனை என்பதைவிட அதற்குப் பொருத்தமான வேலை.

மராட்டியர் சத்திரங்களில் பலவற்றுக்குப் பெண் பெயர்தான். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ராஜாமடத்தில் மோகனாம்பாள். இவற்றின் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, சமையற்கட்டு எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்று சொல்லுங்கள்.