ப்ராஜெக்ட் மென்பொருளில் பட்டறை வேலையைத் திட்டமிட முடியுமா?

லேத்துக்காரன், கோவை:
கணபதியில் சின்னப் பட்டறை. 6 லேத், 2 விஎம்சி (கணினிக் கட்டளைப்படி வெட்டும் மெஷின்), 1 கிரைண்டிங் மெஷின். பம்ப் ஷாஃப்ட் ஆர்டர் மாதம் 40 வரும். கட்டட வேலை பார்க்கும் மச்சான் சொன்னாரென்று எல்லாவற்றையும் ப்ராஜெக்ட் மென்பொருளில் ஏற்றினேன். திங்கள் காலை கேன்ட் சார்ட் (எந்த வேலை எப்போது என்று பட்டைகளாகக் காட்டும் படம்) அழகாக இருந்தது. மத்தியானம் ஒரு ஸ்பிண்டில் பேரிங் போனது, சார்ட் முழுக்கச் சிவப்பு. தப்பு என்னுடையதா?

பழைய பிளானர்:
இல்லை தம்பி. அது பாலம், கட்டடம் மாதிரி ஒரே தடவை செய்கிற வேலைக்கு. லெவலிங் (மோதும் வேலைகளைத் தள்ளிப்போடும் வசதி) கொடுக்காவிட்டால் ஒரே விஎம்சியில் ஒரே நேரத்தில் மூன்று ஜாபை ஏற்றிவிடும். அடுத்த ஜாபுக்கு மெஷினைத் தயார் செய்கிற செட்டிங் நேரமும் அதற்குப் புரியாது. 35 மிமீ ஷாஃப்டுக்குப் பின்னால் இன்னொரு 35 ஓட்டினால் செட்டிங் மிச்சம் என்று உங்கள் ஆபரேட்டருக்குத் தெரியும், அதற்குத் தெரியுமா?

ஷிஃப்ட் 2:
வேடிக்கை என்னவென்றால், ஹென்றி கேன்ட் 1910களில் அந்த சார்ட்டைப் போட்டதே தொழிற்சாலை வேலைக்குத்தான். சரி, உங்களிடம் எங்கே வேலை தேங்குகிறது? அந்த மெஷினுக்கு மட்டும் வரிசை போடுங்கள்.

லேத்துக்காரன்:
கிரைண்டிங்தாண்ணா. எப்போதும் முன்னால் நாலு ட்ரே நிற்கும். அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டிவிட்டேன். மென்பொருள் புது ஷெட் கட்டும்போது உதவட்டும். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.