ஏற்காடு இறக்கத்துல நீலப் புகை: பழைய பென்ஸ், ஆடி கார்களுக்குக் கட்டுப்படியாகுற இன்ஜின் ஆயில் பத்தி உங்க அனுபவம் (பதிவும் பதில்களும், ஒவ்வொண்ணுக்கும் மேல எழுதினவர் புனைபெயர்)

அடிவாரம்
என் வண்டி பென்ஸ் இ 240, எம் 112ங்கிற பெட்ரோல் இன்ஜின். 20 கொண்டை ஊசி வளைவும் ஆக்சிலேட்டரைத் தொடாம கியர்லயே இறங்கி, கீழ சமதளம் வந்ததும் ஒரு மிதி. கண்ணாடியில ரோடே தெரியல, அவ்வளவு நீலம். பின்னால வந்த பைக்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓரம் ஒதுங்கிட்டார். ஏத்தத்துல புகை இல்ல, ஊருக்குள்ளயும் இல்ல. கடையில "கெட்டியா 20டபிள்யூ-50 போடுங்க, காசும் மிச்சம்"னாங்க. 8 லிட்டர் ஊத்தியாச்சு. புகை அப்படியேதான் இருக்கு. புதுசா, காலைல ஸ்டார்ட் பண்ணா ரெண்டு செகண்ட் செயின் சத்தம் வேற.

டார்க் ரெஞ்ச்
அது ஆயில் கோளாறு இல்லைங்க, ரப்பர் கோளாறு. ஏத்தத்துல லோடு ஏறும்போது புகைஞ்சா பிஸ்டன் ரிங். இறக்கத்துல காலை எடுத்துட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது புகைஞ்சா வால்வு ஸ்டெம் சீல், அதாவது வால்வுத் தண்டு வழியா ஆயில் இறங்காம தடுக்கிற ரப்பர். த்ராட்டில் (காத்து உள்ள போற கதவு) மூடியிருக்கும்போது மேனிஃபோல்டுல (காத்துக் குழாய்ல) வேக்கூம் ஏறும், காஞ்சுபோன சீல் வழியா ஆயிலை உறிஞ்சும், மிதிச்சதும் மொத்தமா எரியும். (டீசல்ல இந்தச் சோதனை செல்லாது, அங்க வேக்கூம் அப்படி ஏறாது.)

சீலுக்குக் கை வைக்கிறதுக்கு முன்னாடி வால்வு கவர்ல இருந்து போற பிரீதர் ஹோஸை (இன்ஜின் உள்ள சேர்ற ஆவி போற குழாயை) பாருங்க. விரிசல் விட்டிருந்தாலோ சின்ன ஓட்டை கசடால அடைஞ்சிருந்தாலோ இதே புகை வரும், செலவு ரொம்பக் கம்மி. அது சரியா இருந்தா மட்டும் சீல். 18 வால்வு. ஹெட் இறக்க வேண்டாம், ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா கம்ப்ரசர் காத்து அடிச்சு வால்வைத் தாங்க வெச்சே மாத்தலாம்.

செயின் சத்தம் நீங்க வாங்கிக்கிட்டது. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல நிக்குது. டபிள்யூக்கு முன்னாடி இருக்கிற எண் குளிர்ல ஆயில் எவ்வளவு கெட்டிங்கிறது, அதனால குளிர்ந்த 20டபிள்யூ மெதுவாத்தான் மேல ஏறும். 5டபிள்யூ-40, கேன் பின்னாடி "எம்.பி. அப்ரூவல் 229.3" இல்ல "229.5"னு, அதாவது பென்ஸ் கம்பெனியே ஒத்துக்கிட்ட எண், இருக்கணும். "229.5-க்குப் பொருந்தும்"னு எழுதியிருக்கிறது கம்பெனிக்காரன் தானே சொல்லிக்கிறது, அப்ரூவல் இல்ல. அப்ரூவல் இருந்தா பிராண்டு எதுவானாலும் சரி. 4 லிட்டர் கேன் ரெண்டு கணக்கா முடியும். 20,000 கி.மீ. ஓட்டலாம்கிறது அந்த ஊர் கணக்கு, நம்ம ஊருக்கு 7,500.

சங்ககிரி பக்கெட்
இவ்வளவு பயமுறுத்தணுமா? டபிள்யூ 124 இ 250 டீசல் ஒண்ணு லாரி ஆயில்லயே ஓடுது. 20 லிட்டர் பக்கெட், 15டபிள்யூ-40, சிஐ-4 பிளஸ்ங்கிற டீசல் ஆயில் தரம். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கிற கம்பியை) துணியில துடைச்சா கரி மாதிரி கருப்பு, இன்ஜின் கடிகாரம் மாதிரி.

டார்க் ரெஞ்ச்
அண்ணா, அந்த வண்டிக்குச் சரிதான். பக்கெட்ல பென்ஸோட 228.3 அப்ரூவல் இருந்தா கண்ணை மூடிட்டு ஊத்துங்க. ஆனா இதைப் படிச்சிட்டு டி.பி.எஃப். (டீசல் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) உள்ள வண்டிக்காரர் ஊத்திடுவார். அந்த வகை லாரி ஆயில்ல சாம்பல் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கு மேல. சாம்பல் கம்மியான சி3 வகை ஆயிலுக்கு உச்சமே 0.8. புகைக்கரி ரீஜெனரேஷன்ல (ஃபில்டர் சூடாகித் தானே சுத்தம் பண்ணிக்கும்போது) எரிஞ்சுடும், சாம்பல் எரியாது, ஃபில்டர்லயே தங்கிடும். டி.பி.எஃப். உள்ள பென்ஸுக்கு 229.51தான்.

கேம் லோப்
என்னோடது ஆடி 2.0 டிடிஐ டீசல், பம்ப் இன்ஜெக்டர் மாடல். கவரைக் கழட்டினா டேப்பெட் (கேம்ஷாஃப்ட் அழுத்துற கிண்ணம்) தலையில ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பள்ளம், ஒண்ணுல ஓட்டையே விழுந்திருந்தது. உள்ள இருந்தது சாதா 15டபிள்யூ-40. இந்த இன்ஜின்ல இன்ஜெக்டரை அழுத்துறதும் கேம்ஷாஃப்ட்தான். அதுக்கு இடம் விட்டதுல வால்வு லோப் (வால்வைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் மேடு) ஒல்லியாயிடுச்சு, சுமை அத்தனையும் அந்தக் கோட்டுல. கேன்ல ஃபோக்ஸ்வேகன்-ஆடியோட 505.01 எண் இல்லாம ஒரு சொட்டு ஊத்தாதீங்க. 20டபிள்யூ-50 கடைக்காரர் இதுக்கும் அதையேதான் சொல்லுவார்.

லேடீஸ் சீட் பக்கம்
யாரும் கேக்கல, இருந்தாலும். ஏற்காட்டுல வீட்டு வாசல் பூரா சரிவு. அங்க நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்து, குறைவுன்னு ஊத்தி, ஓவர்ஃபில் ஆகி, அந்த ஆயில் பிரீதர் வழியாப் போய்ப் புகையறதும் உண்டு. சமதளத்துல, சூடான இன்ஜினை நிறுத்தி 5 நிமிஷம் கழிச்சுப் பாருங்க. ஆயில் ஃபில்டர் மாத்தும்போது மூடியோட பெரிய ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) எல்லாரும் மாத்துறாங்க, நடுத்தண்டுல இருக்கிற பொடி ஓ-ரிங்கை விட்டுடறாங்க. ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், முறுக்குற இறுக்கம் 30 நியூட்டன் மீட்டர். ஃபில்டர் மூடிக்கு 25, மேல போனா பிளாஸ்டிக் விரியும். அப்புறம் காலி கேனை ஆணியால குத்தியே பழைய இரும்புக்காரர்கிட்ட போடுங்க. முழுசா போற கேன் வேற ஆயிலோட கடைக்குத் திரும்பி வரும்.

அடிவாரம்
பிரீதர் ஹோஸ் ரெண்டும் விரல் பட்டதும் அப்பளமா நொறுங்கிடுச்சு. சீல் பக்கம் இன்னும் போகல. 20டபிள்யூ-50ஐ வடிச்சு வெச்சிருக்கேன், 8 லிட்டர். சங்ககிரி அண்ணா, பக்கெட் காலியா இருந்தா சொல்லுங்க.